வெயிலில் படிக்கும் திரை

நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் போட்டியில் ஒருவர் சுட்டு முடித்து, மதிப்பெண்ணும் எடுத்தாகிவிட்டால், இலக்கு அட்டையில் விழுந்த ஓட்டைகளின் மேல் சிறு ஒட்டுத்தாள்களை ஒட்டி மூடிவிடுவார்கள். சாய்ந்து கிடக்கும் எஃகுத் தகடுகளை நிமிர்த்தி வைப்பார்கள். அடுத்தவர் சுட வேண்டுமே! அந்தக் கணத்தோடு முந்தையவரின் ஆட்டத்துக்கு இருந்த சாட்சியம் காணாமல் போகிறது. ஓட்டப்பந்தயத்தில் முடிவுக்கோட்டுப் படம் மிஞ்சும். கிரிக்கெட்டில் ஒளிப்பதிவைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். இங்கே மிஞ்சுவது, மதிப்பெண் பதிபவர் குறித்துக்கொண்ட சில எண்கள் மட்டும்தான்.

அந்தக் குறிப்பு எழுதப்படும் இடம் மண்மேடுகள் சூழ்ந்த திறந்தவெளி. தலைக்கு மேல் வெயில். கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி, காதில் ஒலித்தடுப்பு, முன்னால் தன் முறைக்குக் காத்திருக்கும் குழு. கணினித் திரை சரியாகத் தெரிவதற்கு இதைவிட மோசமான இடம் கிடைப்பது அரிது. அமெரிக்கச் சங்கங்கள் பல 2010-களில் இந்த வேலைக்குத் தேடிப்பிடித்த கருவி, வேகமான கைப்பேசியோ விலை உயர்ந்த டேப்லெட்டோ இல்லை. கதைப்புத்தகம் படிப்பதற்காகப் புத்தகக் கடை ஒன்று விற்ற, கறுப்பு வெள்ளைத் திரை கொண்ட மின்வாசிப்பான். அது ஏன் பொருந்தியது என்பதை விளக்க ஒளியியலும் வேண்டும், கொஞ்சம் வகுத்தல் கணக்கும் வேண்டும். கணக்கிலிருந்து தொடங்குவோம்.

புள்ளியை நேரத்தால் வகுத்தால்

1976 மே மாதம் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள கொலம்பியா நகரில் கூடிய மாநாட்டில் பன்னாட்டு நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு உருவானது. சுருக்கமாக ஐபிஎஸ்சி. முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். துல்லியம், ஆற்றல், வேகம் என்ற மூன்றையும் சேர்த்து அளப்பதே இந்த விளையாட்டின் கொள்கை. இதன் அமெரிக்கக் கிளையான யூஎஸ்பிஎஸ்ஏ 1984இல் அமைந்தது.

ஒலிம்பிக்கின் ஏர் பிஸ்டல் போன்ற போட்டிகளில் வீரர் ஓரிடத்தில் நின்று, ஒரே இலக்கைத் திரும்பத் திரும்பச் சுடுவார். இங்கே அவர் ஓடுவார், குனிவார், தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சுடுவார். ஸ்டேஜ் எனப்படும் ஒவ்வொரு சுற்றும் ஒரு புது வடிவமைப்பு. அட்டை இலக்குகளில் ஏ, சி, டி என்று மண்டலங்கள் உண்டு. ‘மைனர்’ எனப்படும் ஆற்றல் வகுப்பில் ஏ மண்டலத்துக்கு 5 புள்ளி, சி-க்கு 3, டி-க்கு 1. இலக்கைத் தவறவிட்டால் 10 புள்ளி கழியும். தொடங்கும் ஒலியிலிருந்து கடைசிக் குண்டின் சத்தம் வரையிலான நேரத்தை, ஒலிவாங்கி பொருத்திய ‘டைமர்’ நொடியில் நூறில் ஒரு பங்கு வரை சொல்லும். மொத்தப் புள்ளியை இந்த நேரத்தால் வகுத்தால் கிடைப்பது ஹிட் ஃபேக்டர். நொடிக்கு எத்தனை புள்ளி என்பதே அதன் பொருள்.

ஓர் எடுத்துக்காட்டு. 32 குண்டுகள், 160 புள்ளிகள் கொண்ட ஸ்டேஜ் ஒன்று. முதலாமவர் 28 ஏ, 3 சி, 1 டி எடுக்கிறார், புள்ளி 150. நேரம் 20.00 நொடி. ஹிட் ஃபேக்டர் 7.5. இரண்டாமவர் 26 ஏ, 4 சி, 1 டி, ஒன்று தவறிவிட்டது. புள்ளி 133. ஆனால் 17.50 நொடியில் முடித்துவிட்டார். ஹிட் ஃபேக்டர் 7.6. ஒரு குண்டைத் தவறவிட்டவரே வெல்கிறார். அந்த ஸ்டேஜின் 160 புள்ளியும் அவருக்கு. மற்றவர்களுக்கு, வென்றவரின் ஹிட் ஃபேக்டரோடு ஒப்பிட்ட விகிதப்படி. முதலாமவருக்குக் கிடைப்பது 157.89.

இந்தக் கடைசி வரியில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. இரண்டாமவரின் நேரத்தை எழுதும்போது 17.50 என்பது கைதவறி 15.70 ஆகிவிட்டது என்று வையுங்கள். அவருடைய ஹிட் ஃபேக்டர் 8.47 ஆக எகிறும். முதலாமவரின் புள்ளி 157.89இலிருந்து ஏறத்தாழ 141.7 ஆகச் சரியும். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை, அவருடைய பதிவிலும் பிழையில்லை. இருந்தும் 16 புள்ளி போய்விட்டது. அந்த ஸ்டேஜில் அதே பிரிவில் சுட்ட எல்லாருக்கும் இதே கதி. முதலிடத்தில் நேரும் ஓர் இலக்கப் பிழை, பட்டியல் முழுவதையும் தொற்றிக்கொள்ளும். இந்த விளையாட்டில் மதிப்பெண் பதிவது ஒருவரோடு முடிகிற சமாச்சாரம் இல்லை.

ஒலிம்பிக்கின் பிஸ்டல், ரைபிள் போட்டிகளில் இந்தக் கவலை இல்லை. அங்கே இலக்கே எண்ணிச் சொல்லிவிடும். இலக்குச் சட்டத்தில் பொருத்திய ஒலிவாங்கிகளுக்குக் குண்டின் ஒலி எந்தெந்தக் கணத்தில் வந்து சேர்ந்தது என்ற வேறுபாட்டிலிருந்து, அது எங்கே பட்டது என்பதைக் கணிக்கும் முறை நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ளது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்றபோது திரையில் வந்த 221.7 என்ற தசமப் புள்ளி மனிதர் யாரும் கூட்டி எழுதியதல்ல. ஆனால் நடைமுறைச் சுடுதலில் ஒரு போட்டிக்குப் பல ஸ்டேஜ்கள், ஸ்டேஜுக்குப் பல அட்டைகள். சில அட்டைகள் ஊசலாடும், சில பாதி மறைந்திருக்கும். அடுத்த போட்டிக்கு எல்லாமே இடம் மாறும். மலிவான அட்டை ஒவ்வொன்றுக்கும் விலையுயர்ந்த உணர்விகளைப் பூட்டுவது கட்டுப்படியாகாது. ஆகவே ஓட்டையைப் பார்ப்பது மனிதக் கண்தான். மின்னணுவின் உதவி, பார்த்ததைப் பதிவதிலிருந்துதான் தொடங்க முடியும்.

காகிதத்தின் காலம்

பல ஆண்டுகள் அந்தப் பதிவு காகிதத்தில் நடந்தது. ஸ்டேஜை நடத்தும் நடுவரான ரேஞ்ச் ஆபீசர் அட்டை அட்டையாக நடந்து, “டூ ஆல்ஃபா”, “ஆல்ஃபா சார்லி”, “ஒன் ஆல்ஃபா ஒன் மைக்” என்று உரக்கச் சொல்வார். ஆல்ஃபா, சார்லி என்பவை ஏ, சி மண்டலங்கள்; மைக் என்றால் தவறியது. பின்னால் வருபவர் அச்சடித்த படிவத்தில் கோடு கிழிப்பார். சுட்டவர் கையெழுத்திடுவார். படிவங்கள் கட்டுக்கட்டாகப் புள்ளிவிவர அறைக்குப் போகும். அங்கே ஒருவர் அவற்றைப் பார்த்துக் கணினியில் தட்டுவார். 100 பேர், 10 ஸ்டேஜ் என்றால் 1,000 படிவங்கள். மழையில் நனைந்தது, வியர்வையில் மை ஊறியது, 1ஆ 7ஆ என்று தெரியாதது எல்லாம் அதில் இருக்கும். உள்ளூர்ச் சங்கப் போட்டியில் முடிவு தெரிய அன்றிரவோ மறுநாளோ ஆகும்.

பிழை நுழைய இங்கே இரண்டு வாசல்கள்: சொன்னதை எழுதும்போது ஒன்று, எழுதியதைத் தட்டும்போது மற்றொன்று. இரண்டாவது வாசலை அடைத்துவிட்டால் பாதிக் கவலை தீரும். சுடுதளத்திலேயே நேரடியாகக் கருவியில் பதியும் முயற்சி 2000-களிலேயே தொடங்கிவிட்டது. பாம் நிறுவனத்தின் கைக்கருவிகள் சில போட்டிகளில் பயன்பட்டன. அந்தக் காலத்துப் பாம் கருவிகள் பலவற்றின் திரை, பின்விளக்கை நம்பாமல் மேலே விழும் ஒளியைத் திருப்பி அனுப்பிக் காட்டும் எளிய கறுப்பு வெள்ளை எல்சிடி. வெயிலில் நன்றாகவே தெரியும்.

பிறகு உலகம் வண்ணத் திரைக்கு மாறியது. 2007இல் ஐஃபோன், 2010இல் ஐபேட். பாம் நிறுவனத்தை 2010இல் வாங்கிய ஹெச்பி, 2011 ஆகஸ்டில் அந்த வகைக் கருவிகளையே நிறுத்தியது. எல்லார் பையிலும் அதைவிடப் பலமடங்கு திறமையான கணினி வந்துவிட்டதால், மதிப்பெண் பதிய செயலி எழுதுவது எளிதாயிற்று. அப்படி வந்தவற்றில் பரவலானது பிராக்டிஸ்கோர். ஆப்பிள், ஆண்ட்ராய்டு இரண்டிலும் இயங்கும் இலவசச் செயலி. மென்பொருள் கைக்கு வந்தது. அதைக் காட்டும் திரைதான் வெயிலில் மங்கிப்போனது.

சூரியனோடு போட்டி போட முடியுமா?

நடுப்பகல் வெயில் தரையில் கொட்டும் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். நல்ல வெளிச்சமுள்ள அலுவலக மேசையில் 500 லக்ஸ் இருக்கும். வெயிலில் கிடக்கும் வெள்ளைத்தாள், விழுந்த ஒளியில் 80 விழுக்காட்டைச் சிதறடிப்பதாகக் கொண்டால், அதன் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 25,000 கேண்டெலா அளவில் வரும். இந்த அலகைத் திரை விற்பவர்கள் நிட் என்பார்கள். 2010-களின் தொடக்கத்தில் வந்த டேப்லெட்டின் திரை, முழு வெளிச்சத்தில் வைத்தாலும் 400 நிட் அளவில்தான் ஒளிர்ந்தது. சுற்றியுள்ள மண்ணும் அட்டையும் ஆயிரக்கணக்கான நிட்டில் ஜொலிக்க, அதற்கேற்பக் கண்மணி சுருங்கியிருக்கும்போது, 400 நிட் இருட்டாகத்தான் தெரியும்.

இதைவிடப் பெரிய தொல்லை எதிரொளிப்பு. திரையின் மேற்பரப்பு, விழும் வெயிலில் வெறும் 2 விழுக்காட்டைச் சிதறடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவே 600 நிட்டுக்கு மேல். அப்போது திரையில் கறுப்பாக இருக்க வேண்டிய இடம் 600 நிட், வெள்ளை இடம் 1,000 நிட். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான விகிதம் இரண்டு மடங்குகூட இல்லை. இருண்ட அறையில் பல நூறு மடங்கு வேறுபாடு காட்டிய அதே திரைக்கு இந்த நிலை.

இன்னொரு கோணமும் உண்டு. எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஒரே திசையில் அதிரும், தளவிளைவுற்ற ஒளி. வெயிலுக்குப் போடும் குளிர்கண்ணாடிகளில் சில, ஒரு திசை அதிர்வை மட்டும் தடுக்கும் வகையைச் சேர்ந்தவை. அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு திரையை ஒரு கோணத்தில் திருப்பினால் அடியோடு கறுத்துவிடும். சுடுதளத்தில் கண்ணாடியைக் கழற்றக் கூடாது, கண்பாதுகாப்பு கட்டாயம். போதாக்குறைக்குச் சூடு வேறு. ஐபேடை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தவே ஆப்பிள் பரிந்துரைக்கிறது. நேர்வெயிலில் வைத்தால் எச்சரிக்கை காட்டி ஒதுங்கிக்கொள்ளும். முழு வெளிச்சத்தில் வைத்தால் பேட்டரியும் விரைவில் தீரும்.

சூரியனோடு போட்டி போட்டு வெல்வது கடினம். சூரியனையே விளக்காக்கிக்கொள்ளும் திரைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

துகள்கள் எழுதும் எழுத்து

அப்படிப்பட்ட திரையை உருவாக்கும் எண்ணம் பழையது. 1970-களிலேயே ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் நிக் ஷெரிடன், ஒருபுறம் கறுப்பும் மறுபுறம் வெள்ளையுமான நுண்மணிகளை மின்புலத்தால் புரட்டி எழுத்துக் காட்டும் முறையை உருவாக்கினார். நாம் இன்று மின்வாசிப்பானில் காணும் முறை எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் பிறந்தது. பேராசிரியர் ஜோசஃப் ஜேகப்சன், அவரிடம் சேர்ந்த இளநிலை மாணவர்கள் ஜே.டி. ஆல்பர்ட், பாரெட் காமிஸ்கி ஆகியோர் அதன் மூலவர்கள். 1997இல் இ இங்க் நிறுவனம் தொடங்கியது. 1998இல் ‘நேச்சர்’ இதழில் ஆய்வுக் கட்டுரை வந்தது. 2004இல் ஜப்பானில் சோனி வெளியிட்ட லிப்ரியே இந்தத் திரையுடன் வந்த முதல் வாசிப்பான். 2007 நவம்பரில் அமேசானின் கிண்டில் வந்தபின் உலகமே அதை அறிந்தது.

திரையின் உள்ளே, தலைமுடியின் தடிமனை ஒத்த நுண்குமிழ்கள் லட்சக்கணக்கில் பரவியிருக்கும். ஒவ்வொன்றிலும் நிறமற்ற எண்ணெய் போன்ற திரவம். அதில் இரண்டு வகைத் துகள்கள் மிதக்கும். வெள்ளை, டைட்டானியம் டை ஆக்சைடு. சுவருக்கு அடிக்கும் வெள்ளைச் சாயத்தில் இருக்கும் அதே பொருள். கறுப்பு, கரித்துகள். இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். அடியில் உள்ள மெல்லிய டிரான்சிஸ்டர் அடுக்கு ஒரு புள்ளியில் நேர்மின்னழுத்தமோ எதிர்மின்னழுத்தமோ கொடுத்தால், ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே இறங்கும். மேலிருந்து விழும் ஒளி வெள்ளைத் துகளில் பட்டுச் சிதறும், கறுப்பில் பட்டு விழுங்கப்படும். தாளில் அச்சு மை செய்வதும் இதைத்தான்.

2010இல் வந்த ‘பேர்ல்’ வகைத் திரையின் வெள்ளை, விழும் ஒளியில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். முந்தைய கணக்கையே போட்டால், நடுப்பகலில் அது 12,000 நிட்டைத் தாண்டி ஒளிரும். கறுப்பு இடம் அதில் பத்தில் ஒரு பங்கு. வெயில் இரட்டிப்பானால் வெள்ளையும் கறுப்பும் சேர்ந்தே இரட்டிக்கும். இடையிலான விகிதம் மாறாது. எல்சிடியை வெயில் அழிக்கிறது, இதற்கோ வெயில்தான் ஒளி கொடுக்கிறது. தளவிளைவாக்கும் வடிகட்டி இதில் இல்லை, ஆகவே எந்தக் குளிர்கண்ணாடி வழியாகவும் எந்தக் கோணத்திலும் தெரியும்.

இன்னொரு பண்பு, மின்னழுத்தத்தை எடுத்துவிட்டாலும் துகள்கள் போன இடத்திலேயே நிற்பது. எல்சிடி அகல்விளக்கு மாதிரி, எண்ணெய் வார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இ-இங்க் கோலம் மாதிரி, போடும்போது மட்டும்தான் உழைப்பு. மதிப்பெண் பதிவு இதற்கென்றே அமைந்த வேலை. ஒருவர் சுடும் அரை நிமிடமும் திரையில் எதுவும் மாறாது. பிறகு பத்திருபது தடவை தொடுவார்கள். மீண்டும் அசையாமல் இருக்கும்.

புத்தகக் கடையின் கருவி

மின்வாசிப்பான்கள் பல இருக்க, சுடுதளத்துக்கு வந்தது பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற அமெரிக்கப் புத்தகக் கடைத் தொடரின் நூக் சிம்பிள் டச். 2011இல் 139 டாலர் விலையில் அறிமுகமாகி, அதே ஆண்டு இறுதிக்குள் 99 டாலருக்கு இறங்கியது. ஆறு அங்குல பேர்ல் திரை, 800-க்கு 600 புள்ளிகள், 256 எம்பி நினைவகம், வைஃபை, ஏறத்தாழ 212 கிராம் எடை. அன்றைய கைப்பேசியோடு ஒப்பிட்டாலும் சாதாரணம்தான்.

அதன் சிறப்பு மூன்று. முதலாவது, உள்ளே இயங்கியது ஆண்ட்ராய்டு 2.1. அக்காலத்துக் கிண்டிலும், கோபோ என்ற மற்றொரு மின்வாசிப்பானும் லினக்ஸில் தாங்களே அமைத்துக்கொண்ட தனி மென்பொருளில் ஓடின. ஆண்ட்ராய்டு செயலியை அவற்றில் போட வழியில்லை. நூக்கில் ஆண்ட்ராய்டு ஒளிந்திருந்தது. வாங்கியவர் கண்ணுக்குப் புத்தக அலமாரி மட்டுமே தெரியும்படி கடை அதை மூடி வைத்திருந்தது.

இரண்டாவது, அந்தப் பூட்டைத் திறக்கும் எளிமை. கருவியைத் தொடங்கும்போது, செருகியிருக்கும் மைக்ரோ எஸ்டி அட்டையில் இயங்குதளம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். அங்கே இருந்தால் அதைக்கொண்டே எழும். ஆர்வலர்கள் சில வாரங்களிலேயே அதற்கான மென்பொருளைத் தயாரித்துவிட்டார்கள். அதை அட்டையில் எழுதிச் செருகித் தொடங்கினால், நிர்வாக உரிமை பயனாளர் கைக்கு வரும். பிறகு பிராக்டிஸ்கோரை நிறுவலாம். ஏதாவது கெட்டுப்போனாலும் அட்டையிலிருந்து எழுப்பிச் சீர்செய்ய முடியும் என்பதால், கணினி வல்லுநர் அல்லாதவரும் துணிந்து கைவைத்தார்.

மூன்றாவது, தொடுதிரை. கைப்பேசித் திரை விரலின் மின்தேக்கத் திறனை உணரும். ஈரமானாலோ கையுறை போட்டாலோ திணறும். நூக்கில் திரையைச் சுற்றியுள்ள சட்டத்தின் ஓரங்களில் அகச்சிவப்பு உமிழிகளும் உணரிகளும் இருந்தன. திரைக்குச் சற்று மேலே கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். அவற்றை மறிப்பது எதுவானாலும் அது தொடுகைதான்: விரல், கையுறை, பேனாவின் பின்முனை, ஒரு குச்சி. குளிர்காலப் போட்டியில் இதன் அருமை தெரியும். திரைக்கு மேல் தனிக் கண்ணாடி அடுக்கு தேவைப்படாததால் எதிரொளிப்பும் குறைந்தது.

விலையும் கைகொடுத்தது. சந்தையில் டேப்லெட்டுகள் முந்தியதால் வாசிப்பான்கள் தள்ளுபடிக்கு வந்தன. பிரிட்டனில் 2013இல் இதே கருவி 29 பவுண்டுக்கு விற்றது. 2016 மார்ச்சில் நூக் அந்நாட்டுச் சந்தையை விட்டே வெளியேறியது. சொந்த நாட்டிலும் பழைய கருவிகள் மலிவாகக் கிடைத்தன. ஸ்டேஜுக்கு ஒன்று, கையிருப்பில் ஒன்றிரண்டு என்று வாங்குவது ஒரு சிறு சங்கத்துக்கும் முடிகிற செலவு.

களத்தில் நடப்பது

போட்டி நாள் காலையில் வீரர்களின் பட்டியலும் ஸ்டேஜ் விவரங்களும் ஒரு தலைமைக் கருவியில் தயாராக இருக்கும். சுடுதளங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே உள்ளவை, இணையம் கிடைக்குமென்று சொல்ல முடியாது. தேவையும் இல்லை. பேட்டரியில் ஓடும் சிறு வைஃபை ரூட்டர் ஒன்று போதும். எல்லாக் கருவிகளும் அந்த உள்வலையில் சேர்ந்து பட்டியலைப் பெற்றுக்கொள்ளும். பிறகு ஒவ்வொன்றும் தன் ஸ்டேஜுக்கோ குழுவுக்கோ போய்விடும். பதிவுகள் அந்தந்தக் கருவியிலேயே சேரும். இடையிலோ முடிவிலோ ரூட்டரின் எல்லைக்குள் வந்ததும் தலைமைக் கருவி அவற்றைத் திரட்டிக்கொள்ளும். ஒருவர் ஒரு ஸ்டேஜில் சுட்டதைக் குறிக்கச் சில நூறு எழுத்துகள் போதும். ஆயிரம் பதிவுகள் சேர்ந்தாலும் ஒரு நல்ல புகைப்படத்தின் அளவுகூட வராது. பலவீனமான பிராசசருக்கு இது சுமையே இல்லை.

கருவி செய்யும் உண்மையான உதவி, எண்ணிக்கையைச் சரிபார்ப்பது. ஓர் அட்டைக்கு இரண்டு குண்டு என்று ஸ்டேஜ் விவரத்தில் இருந்தால், ஏ, சி, டி, தவறியது எல்லாம் சேர்ந்து இரண்டு வர வேண்டும். வராவிட்டால் அங்கேயே எச்சரிக்கும். காகிதத்தில் இந்தப் பிழை மாலையில்தான் தெரியவரும். அதற்குள் ஓட்டைகள் எப்போதோ ஒட்டி மூடப்பட்டிருக்கும். மின்பதிவில் ரேஞ்ச் ஆபீசர் அட்டையின் முன்னாலேயே நிற்கிறார், திரும்பிப் பார்த்தால் விடை இருக்கிறது. நேரம் பதியாமல் விட்டாலும் இப்படியே.

ஆனால் 17.50-ஐ 15.70 என்று தட்டினால் கருவிக்குத் தெரியாது. இரண்டுமே நம்பத்தக்க எண்கள். அதைப் பிடிக்கக்கூடியவர் சுட்டவர் ஒருவரே. அதனால்தான் பதிவு முடிந்ததும் கருவியை அவரிடம் நீட்டுகிறார்கள். அவர் தன் நேரத்தையும் ஒவ்வோர் அட்டைக்கான மதிப்பெண்ணையும் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். மூச்சு வாங்க, வியர்வை வழிய, நிறக்கண்ணாடி போட்டு நிற்கும் மனிதர் சில நொடியில் படிக்க வேண்டிய திரை அது. அது மங்கலாகத் தெரிந்தால் என்ன நடக்கும்? பெரும்பாலோர் கூசும் கண்ணோடு ஒரு பார்வை பார்த்து, “சரி, சரி” என்று அழுத்திவிட்டுப் போவார்கள். சரிபார்க்கும் ஏற்பாடு பெயருக்கு இருக்கும், வேலை செய்யாது. திரையின் தெளிவு இங்கே வசதி என்பதைத் தாண்டி, நியாயத்தோடு தொடர்புடைய விஷயமாகிறது.

குறைகளும் உண்டு

துகள்கள் திரவத்துக்குள் நீந்த நேரம் பிடிக்கும். பேர்ல் திரையில் சாம்பல் நிறங்களோடு முழுப்பக்கம் புதுப்பிக்க அரை நொடிக்கு மேல். கறுப்பு வெள்ளையில் மட்டும் மாற்றினால் கால் நொடி. அவசரக்காரர் பொத்தானை அழுத்திவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையென்று மறுபடி அழுத்துவார். எண்ணிக்கை ஒன்று கூடிவிடும். முந்தைய பக்கத்தின் சாயல் லேசாகப் படிந்து நிற்பதும் உண்டு. துகள்களை முழுமையாக ஒருமுறை மேலும் கீழும் ஓட்டினால்தான் அது போகும். திரை பளிச்சென்று கறுத்து வெளுப்பது அதற்காகத்தான்.

வெப்பநிலையும் விளையாடும். குளிரில் திரவம் கெட்டிப்படும், துகள்கள் மெதுவாகும். ஆகவே இத்தகைய திரைகளின் கட்டுப்பாட்டுச் சில்லு, வெப்பநிலையை அளந்து, அதற்கேற்ற மின்துடிப்பு வரிசையைத் தேர்ந்தெடுக்கும். உறைநிலைக்குக் கீழே போனால் அதற்கும் எல்லை உண்டு. அகச்சிவப்புத் தொடுதிரைக்குப் புழுதி பகை: சட்டத்தின் மூலையில் ஒரு மண்துகள் உட்கார்ந்தால், யாரோ விடாமல் தொடுவதாக நினைத்துக்கொள்ளும். மழைத்துளியும் சட்டைக் கைநுனியும் அதே குழப்பத்தைச் செய்யும். முதல் வகையில் விளக்கு இல்லாததால் இருட்டில் ஒன்றும் தெரியாது. 2012இல் வந்த முன்விளக்குள்ள வகை அந்தக் குறையைத் தீர்த்தது.

எல்லாவற்றையும்விட ஆழமான குறை காலம். கருவி கெடாமல் இருக்கலாம். அதன் ஆண்ட்ராய்டு 2.1 என்றென்றும் 2.1தான். செயலியை எழுதுபவர்கள் புதிய வசதி ஒவ்வொன்றையும் மிகப் பழைய இயங்குதளத்துக்கும் பொருந்த எழுதுவது நாளாக நாளாகக் கடினமாகும். பேட்டரி தேயும், புதிய கருவி உற்பத்தியில் இல்லை. இதற்குள் சாதாரண டேப்லெட்டின் விலை விழுந்தது, திரையின் ஒளிர்வும் கூடியது. பல சங்கங்கள் அவற்றுக்கு மாறி, மேலே நிழல்மறைப்பு மாட்டிக்கொண்டன. ஆண்ட்ராய்டு ஓடும் இ-இங்க் டேப்லெட்டுகள் இன்று வெளிப்படையாகவே விற்பனைக்கு வருகின்றன; பூட்டை உடைக்க வேண்டியதில்லை, விலைதான் பழைய நூக்கைவிடப் பலமடங்கு.

எதைக்கொண்டு கருவியை எடைபோடுவது?

விளம்பரங்கள் கருவியை எடைபோடும் அளவுகோல்கள் நமக்குப் பழகிவிட்டன: பிராசசரின் வேகம், நினைவகம், நிறங்களின் எண்ணிக்கை, நொடிக்கு எத்தனை காட்சிகள். அந்தக் கோல்களில் நூக் எல்லாவற்றிலும் தோற்கும். மதிப்பெண் பதிவுக்கு அவற்றில் ஒன்றும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவை வெயிலில் தெரிவது, கையுறைக்கு மசிவது, நாள் முழுக்க மின்சாரம் தாங்குவது, கீழே விழுந்து உடைந்தால் மனம் உடையாத விலை. பேரங்காடி அலமாரிகளில் விலைச் சீட்டாக இ-இங்க் திரைகள் ஆயிரக்கணக்கில் ஒட்டப்படுவதும் இதே காரணங்களால்தான்: அரிதாக மாறும் தகவல், சிறு பேட்டரி, எந்த வெளிச்சத்திலும் படிக்க வேண்டிய எழுத்து.

மின்பதிவு வந்ததால் முடிவுகள் அன்றைக்கே கிடைக்கின்றன, படிவத்தைப் பார்த்துத் தட்டும்போது நேரும் பிழை ஒழிந்தது, படிவக் கட்டுகள் மறைந்தன. இவை எல்லாரும் பார்க்கும் பயன்கள். ஓட்டை ஏ மண்டலக் கோட்டைத் தொடுகிறதா இல்லையா என்று தீர்ப்பது இன்னும் கண்ணும் அனுபவமும்தான். பதிந்த எண் நடந்ததோடு பொருந்துகிறதா என்று இறுதியாகச் சொல்வதும் சுட்டவரின் கண்தான். இந்த இரண்டு பார்வைகளுக்கும் நடுவில் நிற்கும் கருவி எத்தனை வேகமாக வகுத்துச் சொன்னாலும், சுட்டவர் அதை வெயிலில் படித்துப் பார்த்து மறுக்கவோ ஏற்கவோ முடிய வேண்டும். அது முடியாவிட்டால் திரையில் இருப்பது இன்னொருவர் சொல்லும் எண். அவருடைய மதிப்பெண் இல்லை.